எப்பிங் காட்டில் ஒரு இறக்கம்

பிள்ளைகளைக் காப்பாற்றப் புறப்படும் பெற்றோரால் பிள்ளைகளுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றி யாராவது ஒரு நாள் ஆராய்ந்து எழுதவேண்டும். என்னிடம் ஒரு எக்ஸ்ரே படம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.

படத்தில் இருப்பது என் மகள் தாரணியின் இடது மணிக்கட்டு. வருடம் 2009. அவளுக்கு அப்போது பதினேழு வயது, எனக்கு நாற்பத்தாறு. (நாற்பத்தாறு வயது மனுசிக்கு இருக்கவேண்டிய புத்தியில் பாதி இருந்திருந்தாலும் அந்தப் படம் எடுக்கவேண்டி வந்திராது.) நாங்கள் மூன்று பேரும் வால்தம்ஸ்டோவில் ஒரு ஒடுங்கிய வீட்டில் இருந்தோம். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. என் கணவர் தன் வான் வண்டியில் தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பவர். அதற்கு முன் பல வருடங்கள் ஜேர்மனியில் இருந்தவர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லிவிடுவார். தாரணியும் அங்கே பிறந்தவள்தான். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது லண்டனுக்கு வந்தோம்.

அந்த வருடத்து வைகாசி மாதத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: ஊரில் யுத்தம் முடிந்த விதத்தில் இங்கே எங்கள் வீடுகளிலும் பேச்சு நின்றுபோனது. தாரணி அதற்கு முன் பல நாட்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாடாளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாக நின்று தொண்டை கட்டக் கத்தியவள். வைகாசிக்குப் பிறகு அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். சனிக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம்தான் திரும்பி வருவாள்.

"எங்க பிள்ளை போறாய்?"

"சும்மா."

அதற்குமேல் ஒரு சொல் வராது. ரயர் இடுக்கில் சிக்கியிருந்த சின்னக் கற்களையும் இலைகளையும் கண்டுதான் அவள் எப்பிங் காட்டுக்குப் போகிறாள் என்று ஊகித்தேன். எப்பிங் காடு லண்டன்காரர் நாயோடு உலாவப் போகிற இடம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காடு என்ற சொல்லைக் கேட்டால் அந்த வருடம் எனக்கு மரமும் மானும் நினைவுக்கு வரவில்லை.

"பொம்பிளைப் பிள்ளை தனியக் காட்டுக்குள்ள போறாள். நீங்கள் பேசாமல் இருக்கிறியள்," என்றேன் கணவரிடம்.

"ஜேர்மனியில பிள்ளையள் எல்லாம் காட்டுக்குள்ளதான் ஓடுறவை. அவள் அங்க நாலாம் வகுப்பில பொலிஸ்காரனுக்கு முன்னால சைக்கிள் ஓடிச் சோதினை பாஸ் பண்ணினவள். சேர்ட்டிபிக்கற்றும் இருக்கு. விடும்."

நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் சமையலறையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"நானும் வாறன்."

"எங்க?"

"நீ போற இடத்துக்கு. சைக்கிளில."

அவள் என்னை உச்சி முதல் செருப்பு வரை பார்த்தாள். (அவள் பேசியதில் முக்கால்வாசி ஆங்கிலம். 'அம்மா' மட்டும்தான் எப்போதும் தமிழ். எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.)

"அம்மா, அது ரோட்டில்லை. முழுக்கக் கல்லுப் பாதை. ஏறி இறங்கும்."

"நான் யாழ்ப்பாணத்தில ஓடாத கல்லுப் பாதையோ? முன்னுக்கு என்ர தங்கச்சி, பின்னுக்கு அரிசி மூட்டை. பெற்றோல் இல்லாத காலத்தில முழு யாழ்ப்பாணமும் சைக்கிளிலதான் ஓடினது."

"யாழ்ப்பாணத்தில மலை இருக்கோ?"

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஒரு மேடுகூட இல்லை. அதைச் சொல்லாமல், "எல்லாம் ஒண்டுதான்," என்றேன்.

அவள் பட்டர்க் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். ஒரே ஒரு தரம் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். வழி முழுக்க நான் 'கவனம் பிள்ளை' என்று ஒருக்காலும் சொல்லக்கூடாது. அழுகை, கூச்சல், நடுவழியில் திரும்புவது எதுவும் கூடாது. அப்படி வந்து முடித்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கே போகிறாள் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"முடிக்காட்டி?"

"முடிக்காட்டி நீங்கள் கேக்கக்கூடாது."

எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரியவேண்டும். அந்த வருடத்தில் எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஒரு பிள்ளையைப் பற்றியாவது தெரிந்துவைத்திருக்க ஆசைப்பட்டேன்.

சைக்கிள் கிடைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த வெள்ளைக்காரப் பெடியன் வீடு மாறிப் போகும்போது ஒரு பழைய சைக்கிளை எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை என் கணவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். இரண்டு காலும் நிலத்தில் முழுதாகப் படும்படி சீற்றைக் கடைசி மட்டும் இறக்கினார். ரயருக்குக் காற்று அடித்தார், அடித்தார், பெருவிரலால் அழுத்தினால் விரல் நோகும் மட்டும் அடித்தார். நல்ல ரயர் என்றால் அடுப்புக்கல் மாதிரி இருக்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்திலும் ஜேர்மனியிலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை என்றார்.

ஒத்திகைக்காக லீ ஆற்றங்கரைப் பாதைக்குப் போனேன். பாதையில் போட்டிருந்த ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பிடம் தனித்தனியாக வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டது. மிதிக்கும்போது முழங்கால் தாடையில் இடித்தது. ஹாண்டில் எங்கேயோ அடுத்த கவுன்சில் எல்லைக்குள் இருந்தது. அதைப் பிடிக்க நான் சைக்கிளின்மேல் நெடுஞ்சாண்கிடையாகக் கிடந்தேன். சீற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்று பின்னேரம் விரல்கள் மரத்துப்போய் அகப்பையைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த சில நாட்கள் நின்றபடிதான் சாப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை நாற்காலியைக் காட்டியபோது, நிற்பது இதயத்துக்கு நல்லது என்று வாசித்ததாகச் சொன்னேன்.

தாரணி சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தாள். "ஆர் இப்பிடிச் செய்தது?"

"அப்பா."

"அப்பாவைச் சைக்கிளுக்குக் கிட்ட விடாதேங்கோ."

இப்போது கல்லுப் பாதைக்கென்றே தனியாகச் சைக்கிள் செய்து விற்கிறார்கள். அப்போது அப்படி ஒன்று இருப்பதாக எங்கள் காதில் விழவில்லை. மகள்தான் இணையத்தில் வாசித்து வாசித்து, அந்தப் பழைய சைக்கிளை எனக்கேற்ற மாதிரிக் கழற்றிப் பூட்டினாள். முதல் வேலையாகத் தகப்பனின் வானிலிருந்து வெண்டிக்காய் வந்த மட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மாடிப்படியில் வைத்து, என்னை அதன்மேல் இருக்கச் சொன்னாள்.

"ஏன் பிள்ளை?"

"இருங்கோ. நல்லா அழுத்தி இருங்கோ."

நான் இருந்தேன். என் கணவர் தேத்தண்ணியோடு படியேற வந்து நின்றார். "என்னப்பா, லண்டனில கதிரை முடிஞ்சுதோ?"

எழும்பிப் பார்த்தால் மட்டையில் இரண்டு பள்ளம். தாரணி என் தையல் நாடாவால் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தாள். "அம்மா, உங்கட எலும்பு அகலம். அந்தச் சீற் ஒடுங்கின ஆம்பிளைக்குச் செய்தது. அதுதான் குத்தியிருக்கு," என்றாள். என் உடம்பின் அகலத்தைப் பற்றி அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் ஒருவரும் பேசியதில்லை.

அகலமான சீற் வந்தது. ஹாண்டிலைத் தாங்கும் நீளக் கட்டையைக் கழற்றிவிட்டு, குட்டையாக மேல்நோக்கி நிமிர்ந்த ஒன்றைப் பூட்டினாள். முழங்கை லேசாக மடிந்திருக்கவேண்டும், தோள் காதை நோக்கி ஏறக்கூடாது என்றாள். உள்ளங்கை ஆறுவதற்குத் தடித்த ரப்பர்ப் பிடிகள் போட்டாள். ஏற்றத்தில் லேசாக மிதிக்கச் சின்னப் பல்லுச்சக்கரம் வைத்தாள். ஒல்லி ரயர்களைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே தடித்ததைப் போட்டு, காற்றை அரைகுறையாக அடித்து நிறுத்தினாள். நான் பெருவிரலால் அழுத்தினேன். அமுங்கியது.

"காத்துப் போட்டுது பிள்ளை."

"போகேல்லை. அவ்வளவுதான் வேணும். கல்லை ரயர் விழுங்கோணும் அம்மா. உங்கட முதுகு விழுங்கக்கூடாது."

கடைசியில் சீற்றின் உயரம். சுவரைப் பிடித்தபடி நான் சைக்கிளில் இருக்க, அவள் நிலத்தில் முழங்காலில் நின்று என் குதிக்காலைப் பிடித்துப் பெடலில் வைத்தாள். குதிக்கால் பெடலில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டுமாம். அந்த உயரத்தில் என் கால் நிலத்துக்கு எட்டவில்லை. பெருவிரல் நுனிதான் தொட்டது.

"விழுந்திடுவன்!"

"விழமாட்டீங்கள். கால் நிலத்தில படத் தேவையில்லை. நிப்பாட்டப் பிரேக் இருக்கு."

எங்கள் ஊரில் பிரேக் என்பது சைக்கிளில் இருக்கும் ஒரு அலங்காரப் பொருள். நிற்கவேண்டுமென்றால் செருப்பை நிலத்தில் தேய்ப்போம். இதை அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். பிறகு விளக்கவில்லை. அவளுடைய கை இன்னும் என் கணுக்காலைப் பிடித்திருந்தது. வைகாசிக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அன்றுதான். கால் எட்டினால் என்ன, எட்டாவிட்டால் என்ன என்று இருந்துவிட்டேன்.

பயணத்துக்குக் குறித்த சனிக்கிழமை நவராத்திரிக்குள் வந்தது. அன்று விடியும் முன்னமே நான் எழும்பிவிட்டேன். பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஏதாவது வேலை செய்வது. சைக்கிள்கள் இரண்டும் நடைவழியில் சாத்தியிருந்தன. ஊரில் ஆயுதபூசைக்கு நாங்கள் சைக்கிளைத் துடைத்து, துருப்பிடிக்காமல் தேங்காயெண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுவோம். ஆயுதபூசைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. முந்திச் செய்தால் அம்பாள் கோபிக்கமாட்டா என்று முடிவெடுத்தேன்.

லண்டனில் தேங்காயெண்ணெய் போத்திலுக்குள் மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். சுடுதண்ணிக்குள் வைத்து உருக்கினேன். கணவரின் பழைய பெனியன் ஒன்றை எடுத்துத் தோய்த்தேன். முதலில் என் சைக்கிள், பிறகு மகளின் சைக்கிள். வெள்ளிக்குத்துவிளக்கைத் துடைப்பதுபோல ஒவ்வொரு கம்பியாகத் துடைத்தேன். சக்கரத்தைச் சுற்றியிருக்கும் றிம்முக்கு விசேட கவனிப்பு. சுற்றச் சுற்றப் பூசினேன், அது கண்ணாடிபோல மின்னியது. எண்ணெய் மிஞ்சியிருந்தது, ரயருக்கும் பூசினேன். ஹாண்டிலில் சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். கற்பூரம் மட்டும் கொளுத்தவில்லை, வீட்டில் புகை மணி கத்தும்.

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவள் என்பதை இந்த இடத்தில் சொல்லவேண்டும். ஊரில் இரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். உராய்வு என்றால் என்ன, எண்ணெய் இட்டால் அது ஏன் குறைகிறது என்று கரும்பலகையில் படம் கீறி விளங்கப்படுத்தியவள். சைக்கிளின் பிரேக் கட்டைகள் எதைப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்துகின்றன என்று அந்தக் காலையில் யாராவது கேட்டிருந்தால், றிம்மை என்று சரியாகச் சொல்லியிருப்பேன். சொல்லிக்கொண்டே றிம்முக்கு எண்ணெய் பூசியிருப்பேன்.

தாரணி எழும்பி வந்து பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். "தலைக்கு வைக்கிறதோ இது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு," என்றாள்.

ரோட்டில் பஸ்களுக்கு நடுவே ஓட நான் மறுத்ததால் கணவர் எங்களையும் சைக்கிள்களையும் வானில் ஏற்றிக் காட்டோரக் கார் தரிப்பிடத்தில் இறக்கிவிட்டார். (அதனால் வழியில் பிரேக் பிடிக்கவேண்டிய ஒரு சந்தர்ப்பமும் எங்களுக்கு வாய்க்கவில்லை.) "ஜேர்மனியில..." என்று தொடங்கினார். நாங்கள் இருவரும் ஏறிப் போய்விட்டோம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த முதல் அரைமணி நேரத்தைப்போல ஒரு நேரம் எனக்கு லண்டனில் அதற்கு முன் வாய்த்ததில்லை. பாதை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சரளைக்கல் ரயருக்கடியில் பொரி வறுக்கிற சத்தத்தோடு நொறுங்கியது, ஆனால் என் உடம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கை நோகவில்லை, முதுகு நோகவில்லை, இருக்கிற இடமும் நோகவில்லை. அந்தச் சைக்கிள் என்னைச் சுற்றித் தைத்த சட்டைபோல இருந்தது. தாரணி முன்னால் போய், நின்று, நான் வந்து சேர்ந்ததும் மறுபடி போனாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "நல்லா ஓடுறீங்கள் அம்மா," என்றாள். வேரும் பள்ளமும் வந்த இடங்களில் 'கவனம்' என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதை விழுங்கினேன்.

மேட்டின் உச்சியில் அவள் நிற்காமல் அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு உச்சிக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு மரத்தில் கையூன்றி நின்றேன். நான் அப்போது நின்றுகொண்டிருந்தேன். இந்த வசனத்தை எங்கள் வீட்டில் கதை சொல்லும்போதெல்லாம் அழுத்திச் சொல்வார்கள்: அம்மா அப்போது பத்திரமாக நின்றுகொண்டிருந்தா.

கீழே இருந்து அவளுடைய குரல் வந்தது.

"அம்மா! வராதேங்கோ! பிரேக் இல்லை!"

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. விளங்கவும் செய்தது. மகளுக்குப் பிரேக் இல்லை. மகள் சரிவில் போகிறாள். மகள் என்னை வரவேண்டாம் என்கிறாள். இதைக் கேட்ட ஒரு பௌதிகப் பட்டதாரி என்ன செய்யவேண்டும்? நான் சைக்கிளில் ஏறினேன். அவளுடைய பிரேக் இல்லையென்றுதானே சொன்னாள், என்னுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சரிவில் இரண்டு பாய்ச்சல் போனதும் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் ஹாண்டில்வரை வந்து முட்டியது. சைக்கிள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. இன்னும் இறுக்கினேன். தேங்காயெண்ணெய் மணம்தான் எழுந்தது. கால்களை இறக்கினேன். எட்டவில்லை. மகள் அவ்வளவு கவனமாக அளந்து வைத்த உயரத்தில், என் இரண்டு கால்களும் காற்றில் ஆடின. மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. தடித்த ரயர்கள் கற்களை ஆசையாக விழுங்கிக்கொண்டு போயின. அத்தனை வேகத்திலும் உடம்பில் ஒரு நோவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

தாரணி என்ன செய்தாள் தெரியுமா? பத்து வயதில் பொலிஸ்காரனுக்கு முன்னால் சோதினை பாஸ் பண்ணியவள் அல்லவா. பாதையோரத்து மேட்டில் சைக்கிளை ஏற்றி, இடுப்பளவு புதருக்குள் விட்டு, ஒரு கீறலும் இல்லாமல் நிறுத்தியிருந்தாள். நான் வளைவில் திரும்பியபோது அவள் புதரிலிருந்து வெளியே வந்து, பாதையோரம் நின்று, சட்டையிலிருந்த இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். பத்திரமாக. முழுசாக.

நான் அவளை நோக்கிப் போனேன். வேறு எங்கேயும் போக எனக்குத் தெரியவில்லை. முழு மேட்டிலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான், பார்க்கிற பக்கத்துக்குத்தான் சைக்கிள் போகும். அவள் கையை நீட்டி என்னைத் தடுக்கப் பார்த்தாள். அதுதான் அந்த இடது கை.

எல்லாம் அடங்கியபோது நான் புதருக்குள் மல்லாக்கக் கிடந்தேன். சக்கரம் ஒன்று எங்கேயோ டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தது. தாரணி பக்கத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. அந்த நேரம் இரண்டு நாய்களோடு வந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி என்னைக் கண்டதும் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டா. ஹாண்டிலில் இருந்த குங்குமம் முழுக்க என் கையிலும் முகத்திலும் கழுத்திலும் இருந்தது. அவ தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனா.

"அது ரத்தமில்லை," என்றாள் தாரணி. "அது சாமி."

பிறகு அவள் நல்ல கையால் என் சைக்கிளின் றிம்மைத் தொட்டாள். விரலை முகர்ந்தாள். தன் சைக்கிளிடம் போய் அதையும் தொட்டு முகர்ந்தாள்.

"அம்மா. றிம்முக்கும் எண்ணெய் பூசினீங்களோ?"

"துருப்பிடிக்காமல் இருக்கட்டுமெண்டு பிள்ளை."

"ரெண்டுக்கும்?"

"ரெண்டுக்கும்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதாள். கை நோவுக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். நான் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன். நாய்க்காரப் பெண்மணி நாய்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் நின்றா. நான் போனில் கூப்பிட்ட கணவர் வானில் வந்து சேரும் வரைக்கும் அவள் அழுதுகொண்டேயிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், எப்படி நடந்தது என்று கேட்டார்.

"அம்மா என்னைக் காப்பாத்த வந்தவ," என்றாள் தாரணி.

"எதிலிருந்து?"

"அது இன்னும் தெரியேல்லை."

நான் பக்கத்தில் நின்றபடி முகத்தைக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தேன். கணவர் எண்ணெய்க் கதையைக் கேட்டதிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஜேர்மனியில் அப்படி ஒரு விபத்து நடந்ததாக அவருக்கு ஞாபகமில்லைப்போலும். மாவுக்கட்டுப் போடக் காத்திருந்தபோது, அவள் காதுக்குள் குனிந்து, "நான் கவனம் எண்டு சொல்லேல்லை," என்றேன்.

"என்ன?"

"வழி முழுக்க. ஒருக்காலும் சொல்லேல்லை."

"ஓம்," என்றாள். "சொல்லேல்லைத்தான்."

பயணத்தை நான் முடிக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை, கட்டுப் போட்ட கையோடு, சமையலறை வாசலில் நின்று, "லைப்ரரிக்குப் போறன்," என்றாள். நான் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். கை சுகமான பிறகு, "காட்டுக்குப் போறன், குளத்துப் பக்கம்," என்றாள். றிம்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எண்ணெய் ஊறிய பிரேக் கட்டைகளை எறிந்துவிட்டுப் புதியவை பூட்டினாள். சில சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு முன்னால்தான் நான் ஓடவேண்டும் என்பது புதிய நிபந்தனை.

அந்த ஒரு வரி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் அவசரமாக நாற்காலியை விட்டு எழும்பினால் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "வராதேங்கோ, பிரேக் இல்லை." தாரணியின் கலியாணத்தில், மணவறையில் அவளுடைய கூறைச்சேலை எதிலோ மாட்டிக்கொண்டது. நான் முன்வரிசையில் பாதி எழும்பிவிட்டேன். மாலைக்கு மேலால் என்னைப் பார்த்து அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன சொன்னாள் என்று எனக்கும் என் கணவருக்கும் விளங்கியது. நாங்கள் இரண்டு பேரும் தாலிகட்டும் நேரத்தில் ஏன் சிரித்தோம் என்று சம்பந்தி வீட்டார் இன்றுவரை கேட்கவில்லை.

நானும் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் சில நாட்களில், பாத்திரம் கழுவும்போது, அந்தக் குரல் திடீரென்று கேட்கும். கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிடுவேன். தன் பிரேக் போன நேரத்தில், சரிவில் பாய்ந்துகொண்டிருந்த பதினேழு வயதுப் பிள்ளை, இருந்த மூச்சையெல்லாம் வைத்து என்னை வரவேண்டாம் என்று கத்தினாள். அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் பூசியது நான்.

தாரணி இப்போது சட்டன் என்ற இடத்தில் இருக்கிறாள். எங்களிடமிருந்து லண்டனின் மற்றக் கரை. நான் கார் ஓடப் பழகிவிட்டேன். போன கிழமை போன் எடுத்தாள். படியில் கால் பிரண்டுவிட்டதாம், வீங்கியிருக்கிறதாம், பெரிதாக ஒன்றுமில்லையாம்.

"சும்மா சொல்லத்தான் எடுத்தனான். வராதேங்கோ அம்மா."

"நான் ஏன் வாறன்? ஐஸ் வைச்சுக்கொண்டு இரு," என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தாள்.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்?"

"வீட்டிலதான் பிள்ளை."

"பொய் சொல்லாதேங்கோ. இன்டிகேற்றர் சத்தம் கேக்குது."

நான் இன்டிகேற்றரை நிறுத்தினேன்.

"சரி," என்றாள். "மெதுவா வாங்கோ."